கேட்டவர் யார், எழுதியவர் யார்: சுதா கோயல் வழக்கும் வரதட்சணைச் சாவுகளின் கணக்கும்

1980 பிப்ரவரி 16 அன்று திருமணமாகித் தில்லியில் உள்ள புகுந்த வீட்டுக்குச் சென்ற சுதா கோயல் என்னும் இளம்பெண், அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி இரவு அந்த வீட்டில் உடலெங்கும் தீப்பற்றி அலறிக்கொண்டிருந்த நிலையில் அக்கம்பக்கத்தாரால் மீட்கப்பட்டு, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மறுநாளே இறந்துபோனார். அப்போது அவர் நிறைமாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த குடும்பத்தில் தாயும் வயிற்றுப் பிள்ளையும் ஒன்றாகப் போயின. கணவர், மாமியார், கணவரின் சகோதரர் ஆகிய மூவர்மீதும் கொலை வழக்குப் பதிவாகி, விசாரணை நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை சென்ற இந்த வழக்கு, ‘தில்லி நிர்வாகம் எதிர் லட்சுமண் குமார்’ என்ற பெயரில் இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது.

வரதட்சணைக்காக மணப்பெண்கள் கொல்லப்படுவதும் சாவை நோக்கித் தள்ளப்படுவதும் இந்தியாவில் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நாம் வழக்கமாக ஒரு புள்ளிவிவரத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அந்தப் புள்ளிவிவரத்தில் ஒரு பெண்ணின் சாவு ஏறுகிறதா, அல்லது ‘விபத்து’, ‘தற்கொலை’ என்ற தலைப்பின்கீழ்ப் போய்ச் சேர்கிறதா என்பதை அவள் உயிரோடிருந்த கடைசிச் சில மணி நேரமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது: அவள் சொன்னதை யார் கேட்டார், கேட்டதை யார் எழுதினார், எழுதியதை யார் நம்பினார். இந்த மூன்று கேள்விகளும் சுதா வழக்கைப்போல் தெளிவாக வெளிப்பட்ட வழக்குகள் குறைவு என்பதால்தான் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட ஒரு சாவை இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

அன்றிரவு நடந்தது

திருமணத்தின்போது கொடுத்தவை போக மேலும் ரொக்கமும் பொருள்களும் வேண்டும் என்று புகுந்த வீட்டார் கேட்டு வந்தனர் என்பது அரசுத் தரப்பின் வாதம். டிசம்பர் 1 இரவு அலறல் சத்தம் கேட்டு ஓடிவந்த அண்டை வீட்டார், எரிந்துகொண்டிருந்த சுதாவின்மீது இருந்த தீயை அணைத்தார்கள். மாமியார் மண்ணெண்ணெய் ஊற்றியதாகவும் கணவர் தீ வைத்ததாகவும் அவர்களிடம் சுதா சொன்னார் என்பதே அவர்களின் சாட்சியம். ஆனால் மருத்துவமனையில் காவல்துறை எழுதியதாகக் காட்டப்பட்ட வாக்குமூலம் வேறு கதையைச் சொன்னது: ஸ்டவ்விலிருந்து தற்செயலாகத் தீப்பற்றியது என்றது அந்தத் தாள். ஆக, ஒரே இரவில், ஒரே பெண்ணின் வாயிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட, ஒன்றையொன்று முற்றாக மறுக்கும் இரண்டு கூற்றுகள் நீதிமன்றத்தின் முன் வந்தன. ஒன்று அண்டை வீட்டாரின் நினைவிலும் மற்றது காவல்துறையின் தாளிலும் இருந்தது.

மரண வாக்குமூலத்துக்கு இவ்வளவு கனம் ஏன் என்பதைச் சிறிது விளக்க வேண்டும். தீக்காயம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், முதல் சில மணி நேரம் அந்தப் பெண் பெரும்பாலும் நினைவோடு இருப்பாள்; பேசுவாள், தண்ணீர் கேட்பாள், ஆட்களை அடையாளம் காண்பாள். தோல் எரிந்த இடங்கள் வழியாக உடலின் நீர் வெளியேறுவதால் ஏற்படும் அதிர்ச்சியும், அதைத் தாண்டியவர்களுக்குச் சில நாள்களில் வரும் தொற்றும்தான் உயிரைக் கொண்டுபோகின்றன. எனவே நடந்ததைச் சொல்ல அவளுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கட்டிலருகே நிற்பவர்கள் யார் என்பதில்தான் வழக்கு இருக்கிறது. பெரும்பாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவருபவர்கள் புகுந்த வீட்டார்; பிறந்த வீட்டாருக்குச் செய்தி போய் அவர்கள் பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் முதல் வாக்குமூலம் எழுதப்பட்டுவிடுகிறது. பிழைத்தால் திரும்பிப் போக வேண்டிய வீடு அதுதான் என்ற அச்சமும், பிள்ளைகள் அவர்களிடம் இருக்கிறார்கள் என்ற அச்சமும் சேர்ந்து, ‘ஸ்டவ் வெடித்துவிட்டது’ என்று அவள் சொல்ல நேர்கிறது. அவள் சொல்லாவிட்டாலும் அப்படி எழுதப்படுவதுண்டு.

அந்தக் கூற்றைச் சோதிக்கத் தடயவியலில் வழி இருக்கிறது. ஸ்டவ் உண்மையிலேயே வெடித்திருந்தால் அதன் தொட்டியிலோ பர்னரிலோ அந்தச் சேதம் தெரியும். நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ சமைப்பவளின் முன்பக்கமே முதலில் எரியும். தலையில் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டிருந்தால் உச்சந்தலை, தோள்கள், முதுகு என்று மேலிருந்து கீழாகக் காயம் இறங்கும். எரியாமல் எஞ்சிய முடியிலும் துணியிலும் மண்ணெண்ணெய் வாடை நிற்கும். சமையலறைக்குள் ஒரு கான்ஸ்டபிள் அன்றிரவே நுழைந்து ஸ்டவ்வைத் தொட்டுப் பார்த்துத் தரையின் கரியைக் குறித்துக்கொண்டால் போதும். மறுநாள் அந்த வீட்டைக் கழுவி விட்ட பிறகு போய்ப் பார்த்துப் பயனில்லை.

மூன்று நீதிமன்றங்கள்

விசாரணை நீதிமன்றம் 1983 மே மாதத்தில் மூவருக்கும் மரண தண்டனை விதித்தது. மணப்பெண் எரிப்பு வழக்கொன்றில் இப்படியொரு தண்டனை நாடு முழுவதும் செய்தியானது. ஆறு மாதங்களுக்குள், அதே ஆண்டு நவம்பரில், தில்லி உயர் நீதிமன்றம் அண்டை வீட்டாரின் சாட்சியத்தை நம்ப மறுத்து மூவரையும் விடுதலை செய்தது. தில்லியின் பெண்கள் அமைப்புகள் தெருவில் இறங்கின. அரசு மேல்முறையீடு செய்தது. அதோடு இந்தியப் பெண் வழக்கறிஞர்கள் கூட்டமைப்பும் தனியே உச்ச நீதிமன்றத்தை அணுகியது. குற்றவியல் வழக்கென்றால் அரசுக்கும் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் இடையே மட்டும் நடப்பது என்ற வழக்கத்துக்கு மாறாக, பெண் வழக்கறிஞர்களின் அமைப்பு ஒன்று ஒரு மணப்பெண்ணின் சாவுக்காக உச்ச நீதிமன்றத்தின் படியேறியது என்பதை இந்த வழக்கின் மிக முக்கியமான நிகழ்வாக நான் கருதுகிறேன்.

1985 செப்டம்பர் 23 அன்று நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அண்டை வீட்டாரை நம்பியது. அந்தக் குடும்பத்தோடு பகையில்லாத மனிதர்கள், தங்களுக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஒரு கொலை வழக்கில் ஒரே குரலில் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன என்பதே அதன் அடிப்படை. காவல்துறையின் தாளில் இருந்த ‘விபத்து’ வாக்குமூலத்தை அது ஏற்கவில்லை. கணவரும் மாமியாரும் குற்றவாளிகள் என்று முடிவு செய்து ஆயுள் தண்டனை விதித்தது. கணவரின் சகோதரரின் விடுதலையை உறுதி செய்தது. உயர் நீதிமன்றம் விடுவித்து இரண்டாண்டுகள் வெளியே இருந்தவர்களை மீண்டும் தூக்குக் கயிற்றின் முன் நிறுத்துவது தகாது என்ற கருத்தில் மரண தண்டனையைத் தவிர்த்தது.

பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்து வேறு நிலத்தில் நடப்படும் இளஞ்செடிக்குப் புதிய மண் ஒத்துக்கொள்கிறதா என்று எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ, அவ்வளவு கவனம் மணமாகி வரும் பெண்ணுக்கும் வேண்டும் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் வருகிறது. பரிவுடன் எழுதப்பட்ட பகுதிதான். ஆனாலும் அதே தீர்ப்பின் சாட்சிய ஆய்வுப் பகுதியையே நான் அதிகம் மதிக்கிறேன். பரிவினால் யாரும் தண்டிக்கப்படவில்லை. அண்டை வீட்டார் கேட்டதைக் கேட்டபடி நீதிமன்றத்தில் வந்து சொன்னதால்தான் தண்டிக்கப்பட்டார்கள். அப்படிச் சொல்ல ஆள் இல்லாத வீடுகளில் நடந்தவை எந்த நீதிமன்றத்துக்கும் வரவில்லை.

சத்யா ராணி சட்டாவின் முப்பத்து நான்கு ஆண்டுகள்

சுதா வழக்குக்கு ஓராண்டுக்கு முன்பே, 1979-இல், தில்லியில் இதே போராட்டம் வேறு வடிவில் தொடங்கிவிட்டது. அந்த ஆண்டு மே மாதத்தில் மாடல் டவுன் பகுதியில் எரிந்து இறந்த இளம்பெண் ஒருவர், தம் சாவுக்குப் புகுந்த வீட்டாரே காரணம் என்று சொல்லியும் காவல்துறை அதைத் தற்கொலை என்றே பதிவு செய்தது. அதைக் கண்டித்து ஜூன் 1 அன்று ‘ஸ்திரீ சங்கர்ஷ்’ என்ற பெண்கள் குழு அந்த வீட்டை நோக்கி ஊர்வலம் போனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டு வாசல்களிலிருந்து இறங்கி ஊர்வலத்தில் சேர்ந்துகொண்டார்கள்.

அதே 1979 மார்ச் மாதத்தில் மகளை இழந்தவர் சத்யா ராணி சட்டா. மகள் திருமணமாகி ஓராண்டு நிறைவதற்குள், கர்ப்பிணியாக இருந்தபோது எரிந்து இறந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஸ்கூட்டர் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது தாயின் புகார். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்கீழ் அவர் வழக்குத் தொடுத்தபோது, அந்தச் சட்டம் திருமணத்துக்கு ‘ஈடாக’த் தரப்படுவதை மட்டுமே வரதட்சணை என்று வரையறுத்திருந்தது, திருமணம் முடிந்த பிறகு கேட்கப்பட்ட ஸ்கூட்டர் அந்த வரையறைக்குள் வராது என்ற வாதம் வென்று, வரதட்சணை வழக்கு நிற்காமல் போயிற்று. தாலி கட்டுவதற்கு முன்பு கேட்டால் குற்றம், கட்டிய பிறகு கேட்டால் குற்றமில்லை என்ற நிலை அது. கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டிய பிறகே கேட்டார்கள், ஏனென்றால் அப்போதுதான் பெண் அவர்கள் வீட்டில் இருக்கிறாள்.

சத்யா ராணி வழக்கை விடவில்லை. தம்மைப்போலவே மகளைப் பறிகொடுத்த ஷாஜகான் ஆபாவுடன் சேர்ந்து, 1987-இல் ‘சக்தி ஷாலினி’ என்ற அமைப்பைத் தொடங்கி, வீட்டைவிட்டு ஓடிவரும் பெண்களுக்கு இடமளித்தார். ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம். இருவரும் தெருமுனைகளில் நின்று மகள்களின் கதையைச் சொன்னார்கள். தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காக மருமகனுக்கு 2000-ஆம் ஆண்டில் விசாரணை நீதிமன்றம் தண்டனை வழங்கியது. அதைத் தில்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2013-இல். மகள் இறந்து அப்போது 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. அடுத்த ஆண்டு ஜூலை மாதம் சத்யா ராணி காலமானார்.

சட்டம் மாறியதும் மாறாததும்

இந்த வழக்குகளும் இந்தத் தாய்களும் சேர்ந்துதான் சட்டத்தை நகர்த்தினார்கள். 1983-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 498ஏ சேர்ந்தது. கணவரும் அவர் உறவினரும் இழைக்கும் கொடுமை தனிக் குற்றமாயிற்று. 1984-இல் ‘திருமணத்துக்கு ஈடாக’ என்றிருந்த வரையறை ‘திருமணம் தொடர்பாக’ என்று மாற்றப்பட்டது. 1986-இல் திருமணத்துக்கு முன்போ, திருமணத்தின்போதோ, அதற்குப் பின் எப்போதோ கேட்டாலும் வரதட்சணையே என்று தெளிவாக்கப்பட்டது. அதே 1986-இல் வந்த 304பி பிரிவுதான் பெரிய மாற்றம். திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ உடற்காயத்தாலோ இயல்புக்கு மாறான வேறு வகையிலோ இறந்து, இறப்பதற்குச் சிறிது முன்பு வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தப்பட்டிருப்பது நிறுவப்பட்டால், அது வரதட்சணைச் சாவு. குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 113பி பிரிவின்படி, அடிப்படை உண்மைகள் நிறுவப்பட்டுவிட்டால் குற்றத்தை நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். அதை மறுத்துக் காட்டும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவர்களுடையது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 304பி 80-ஆம் பிரிவாகவும், 498ஏ 85, 86 ஆகிய பிரிவுகளாகவும் இருக்கின்றன.

மூடிய கதவுக்குப் பின்னால் தீக்குச்சியைக் கிழித்தது யார் என்று நேரடியாக நிறுவ வேண்டிய கட்டாயம் இதனால் தளர்ந்தது. சுதா இறந்தபோது இந்தச் சட்டம் இருந்திருந்தால், அண்டை வீட்டார் ஒருவரும் வராமல் போயிருந்தாலும், தண்டனைக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

ஆனால் எது வரதட்சணை என்ற வாக்குவாதம் 1986-உடன் ஓயவில்லை. வீட்டுச் செலவுக்கும் உரம் வாங்கவும் கேட்ட பணம் வரதட்சணையாகாது என்று 2007-இல் அப்பாசாகேப் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணைதான் என்று அதே நீதிமன்றம் 2022 ஜனவரியில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் சாவு வழக்கில் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், ‘அது கைமாற்றாகக் கேட்டது’, ‘தொழில் தொடங்கக் கேட்டது’ என்ற வாதங்கள் கீழமை நீதிமன்றங்களில் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை. ‘இறப்பதற்குச் சிறிது முன்பு’ என்பதை உடனடியாக முன்பு என்று பொருள்கொள்ளக் கூடாது, துன்புறுத்தலுக்கும் சாவுக்கும் இடையே உயிருள்ள தொடர்பு இருந்தால் போதும் என்று 2021-இல் சத்பீர் சிங் வழக்கில் சொல்லப்பட்டது.

498ஏ தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற குரலையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். 2005-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டப் பயங்கரவாதமாக மாறக்கூடியது என்று எச்சரித்தது; 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில், தேவையை ஆராயாமல் கைது செய்யக் கூடாது என்று காவல்துறைக்கு நெறிமுறை வகுத்தது. கைதுக்கு முன் யோசிப்பதில் தவறில்லை. வயதான உறவினர் அனைவரையும் வழக்கில் சேர்க்கும் பழக்கம் உண்மையான வழக்குகளையே பலவீனப்படுத்துகிறது. ஆனால் உயிரோடிருக்கும்போது புகார் கொடுக்க வரும் பெண்ணை ‘இதெல்லாம் குடும்பத்தில் இருப்பதுதான், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று திருப்பி அனுப்புவதற்கு அந்த நெறிமுறையைச் சாக்காகக் காட்டுவது வேறு விஷயம். இறந்த பிறகு வழக்கின் முதல் கேள்வியாக வருவது, இதற்கு முன் அவர் புகார் கொடுத்திருக்கிறாரா என்பதுதான்.

எவ்வளவு பரவல்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2001-இல் இந்தியாவில் பதிவான வரதட்சணைச் சாவுகள் 6,851, 2011-இல் 8,618, 2022-இல் பதிவான வழக்குகள் 6,450. நாளொன்றுக்குச் சராசரியாகப் பதினேழு பெண்களுக்கு மேல். இதில் உத்தரப் பிரதேசம் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். பீகார் ஏறக்குறைய ஆயிரம். கணவர் அல்லது உறவினரின் கொடுமை என்ற தலைப்பின்கீழ் 2022-இல் பதிவானவை சுமார் 1.4 லட்சம், அந்த ஆண்டு பெண்களுக்கு எதிராகப் பதிவான 4.45 லட்சம் குற்றங்களில் இதுவே மிகப் பெரிய பங்கு. 1999 முதல் 2016 வரை இந்தியாவில் ஆண்டுதோறும் பதிவான பெண் கொலைகளில் 40 முதல் 50 விழுக்காடு வரதட்சணைச் சாவுகளே என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2018-இல் கணித்தது.

இவை பதிவானவை. பதியாதவற்றின் அளவை ஊகிக்க ஒரு நல்ல சான்று இருக்கிறது. 2009-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வொன்று, மருத்துவமனைகளின், இறப்புப் பதிவுகளின் தரவுகளைக் கொண்டு 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயினால் இறந்தவர்கள் 1,63,000-க்கும் மேல் என்று மதிப்பிட்டது. காவல்துறையின் கணக்கைப்போல் இது ஆறு மடங்கு. இறந்தவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். இளம் வயதினரில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற விகிதத்தில் தீயில் இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் பதிவான 6,851 வரதட்சணைச் சாவுகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு லட்சம் பெண்களும் வரதட்சணைக்காகவே இறந்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பில் தீப்பிடித்த உண்மையான சமையலறை விபத்துகளும், வேறு காரணங்களுக்கான தீக்குளிப்புகளும் அதில் உண்டு. ஆயினும் சமையலறை மட்டுமே காரணமென்றால், திருமணமாகிப் புதிதாகக் குடித்தனம் தொடங்கும் வயதில் இந்தச் சாவுகள் ஏன் இப்படிக் குவிய வேண்டும், ஆண்டுக்கணக்கில் அடுப்படியில் நின்ற நடுவயதுப் பெண்களிடம் ஏன் குறைய வேண்டும் என்ற கேள்விக்கு விடை வேண்டும்.

தற்கொலைக் கணக்கிலும் இதே இடைவெளிதான். 2021-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட இல்லத்தரசிகள் 23,178 பேர். அவர்களுள் எத்தனை பேரின் வீட்டில் முந்தைய வாரம் பணப்பேச்சு நடந்தது என்று எந்த அட்டவணையும் சொல்லாது. காரணம் என்ற கட்டத்தில் ‘குடும்பப் பிரச்சினை’ என்றோ ‘வயிற்று வலி’ என்றோ எழுதினால் அதோடு முடிந்தது. நம் செய்தித்தாள்களில் தீராத வயிற்று வலியால் நஞ்சருந்திய இளம் மனைவியரைப் பற்றிப் படித்துப் பழகிவிட்டோம்.

தமிழ்நாட்டின் எண்களைப் பார்த்து ஆறுதல் கொள்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே 2020 முதல் 2022 வரை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவான வரதட்சணைச் சாவுகளே பதிவாயின. ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன திருமணமான பெண்கள் இந்திய அளவில் 29 விழுக்காடு. தமிழ்நாட்டில் 38 விழுக்காடு. ஒரு மாநிலத்தில் அடி அதிகமாகவும் சாவு மிகக் குறைவாகவும் இருப்பது நடக்கக்கூடியதே. மருத்துவமனை அருகில் இருப்பதும், பெண்கள் படித்து வேலைக்குப் போவதும், 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களும் ஓரளவு காரணமாக இருக்கலாம். அந்த இடைவெளியின் ஒரு பகுதி, தலைப்பு மாற்றி எழுதப்பட்ட சாவுகளால் ஆனது என்பதே என் கருத்து.

கொடுத்த பிறகும் ஏன்

1960 முதல் 2008 வரை இந்தியக் கிராமங்களில் நடந்த சுமார் 40,000 திருமணங்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தபோது, 95 விழுக்காட்டில் வரதட்சணை கைமாறியிருந்தது தெரியவந்தது. சட்டம் 1961-இலேயே தடைசெய்துவிட்ட ஒன்று இது. ஏறக்குறைய எல்லாரும் கொடுக்கும்போது, கொடுக்காததால் வன்முறை வருகிறது என்ற விளக்கம் போதாது. தெற்குக் கர்நாடகத்தின் குயவர் குடும்பங்களிடையே ஆய்வு செய்த பிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ் ஆகிய பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட முடிவு இதைத் தெளிவாக்குகிறது: வசதியான வீட்டிலிருந்து வந்த மனைவியே அதிகம் அடிபட்டாள், ஏனென்றால் அவளை அடித்தால் பிறந்த வீட்டிலிருந்து பெயர்வதற்கு இன்னும் பணம் இருந்தது. மகளை நல்ல இடத்தில் கொடுக்க வேண்டுமென்று நகைக்கடையில் சவரன் கணக்கில் எடுத்துப் போட்ட தகப்பன், தம் கொடுக்கும் சக்தியை எதிர் வீட்டுக்கு அறிவித்தும் விடுகிறார். மழை பொய்த்த ஆண்டுகளில், மழை வழக்கமான அளவிலிருந்து குறையக் குறைய, பதிவாகும் வரதட்சணைச் சாவுகள் கூடுகின்றன என்று மாவட்டவாரித் தரவுகளைக் கொண்டு நடந்த மற்றொரு ஆய்வு காட்டியது. வயலில் இழந்ததை மருமகளின் பிறந்த வீட்டிலிருந்து ஈடுகட்டப் பார்க்கும் வீடுகள் இவை.

கொல்லத்தில் பேசிய அலைபேசி

2021 ஜூன் மாதம் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில், ஆயுர்வேத மருத்துவம் படித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருவர் கணவர் வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து காணப்பட்டார். நூறு சவரன் நகை, ஒரு ஏக்கருக்கு மேல் நிலம், ஒரு கார் என்று கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கணவர் மாநில மோட்டார் வாகனத் துறையில் அலுவலர். கொடுத்த கார் அவருக்குப் பிடிக்கவில்லை. இறப்பதற்கு முன்பு அந்தப் பெண், உடலில் இருந்த காயங்களின் படங்களையும், அடித்த விவரங்களையும் வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பியிருந்தார். தந்தையிடம் தொலைபேசியில் அழுது பேசியதும் பதிவாகியிருந்தது. 2022 மே மாதத்தில் கொல்லம் நீதிமன்றம் கணவருக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குச் சென்றது. 1980-இல் அண்டை வீட்டார் செய்த வேலையை இங்கே அலைபேசி செய்தது. ஆனால் அந்தச் செய்திகளைப் பெற்றவர்கள் அவர் உயிரோடிருந்தபோதே பெற்றார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. திரும்பி வந்துவிடு என்று சொல்ல எந்த வீட்டில் தயங்குகிறார்களோ அந்த வீட்டில் இந்தப் பதிவுகள் நீதிமன்றத்தில் மட்டுமே பயன்படும்.

இன்று நம் ஊரில் ஒரு பெண் திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் இப்படி இறந்தால், காவல்துறையின் விசாரணையோடு கோட்டாட்சியர் விசாரணையும் நடக்கும். உடற்கூறு ஆய்வு கட்டாயம். உயிரோடு மருத்துவமனைக்கு வந்திருந்தால், நீதித்துறை நடுவரை வரவழைத்து வாக்குமூலம் பெற வேண்டும் என்று பிறந்த வீட்டார் மருத்துவரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தாகக் கேட்கலாம். வாக்குமூலத்தின்போது புகுந்த வீட்டார் அறையில் இருக்கக் கூடாது. கோட்டாட்சியர் முன்பு எவ்வளவு கொடுத்தோம் என்று சொல்லப் பலர் தயங்குவதற்கு, கொடுப்பதும் குற்றம் என்று வரதட்சணைத் தடைச் சட்டத்தில் இருப்பதே காரணம். பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தைக் கொண்டு அவர்மீதே வழக்குத் தொடர முடியாது என்று அதே சட்டத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. திருமணத்தின்போது மணமக்களுக்குக் கிடைத்த பரிசுப் பொருள்களைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும் என்ற விதி 1985 முதல் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்குள் இயற்கைக்கு மாறாக அந்தப் பெண் இறந்தால், அவளுக்காகக் கொடுக்கப்பட்டவை அவள் பிள்ளைகளுக்கும், பிள்ளைகள் இல்லையென்றால் அவள் பெற்றோருக்கும் சேர வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு. அதைக் கோரிப் போகும் பெற்றோரிடம் நீதிமன்றம் கேட்கக்கூடிய முதல் ஆதாரம் அந்தப் பட்டியல்தான்.